“ரேடியோ நெல்” பற்றி ஆய்வு செய்கிறேன்: எந்த நூலகத்தில், எந்த அலமாரியில் தேடுவது?

குறுவைக்காரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி. சொந்த ஊர் பாபநாசம் பக்கத்தில் ஒரு சிற்றூர், படிப்பது திருச்சியில். மார்ச் மாதம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

என் தாத்தாவுக்கு 81 வயது. ஆடுதுறை 27 என்ற நெல்லை அவர் இன்றைக்கும் ரேடியோ நெல் என்றுதான் சொல்வார். சிறுவயதில் ஒருமுறை, “அந்த விதை எங்கிருந்து வந்தது தாத்தா?” என்று கேட்டேன். “ரேடியோவிலிருந்து வந்தது” என்றார். வானொலிப் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தால் நெல் கொட்டும் என்று பல நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலைத்தான் இப்போது ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். 1960களில் தஞ்சை மாவட்டத்தில் ஒரு நெல் ரகம் பரவியதில் திருச்சி வானொலியின் பங்கு என்ன என்பதே கேள்வி.

கல்லூரி நூலகத்தில் ஊடகத் துறைக்கு ஒரே ஒரு அலமாரி. அதிலும் ஒரே பாடநூலின் பிரதிகள்தாம் வரிசையாக நிற்கின்றன. வேறு புத்தகம் வாங்கித் தரக் கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லாத நூலுக்கு நிதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இணையத்தில் தேடினால் எங்கே போனாலும் அதே இரண்டு வரி: “திருச்சி வானொலி எடுத்துச் சொன்னதால் ஆடுதுறை 27 விவசாயிகளிடையே ரேடியோ நெல் என்று பெயர் பெற்றது.” ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். யார் பேசினார்கள், எத்தனை மணிக்கு ஒலிபரப்பானது, கேட்டவர்கள் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு மூலச் சான்றுகள் வேண்டும். தாம்பரத்தில் அத்தை வீடு இருக்கிறது, சென்னையில் மூன்று நாள் தங்க முடியும். அந்த மூன்று நாளை எங்கே செலவிடலாம்? நெறியாளர் “கன்னிமாராவுக்குப் போய்ப் பார்” என்கிறார். போய் எதைக் கேட்பது என்பதுதான் தெரியவில்லை.

பழைய நூலகர் எழுதியது:

வணக்கம் அம்மா. 34 ஆண்டுகள் கல்லூரி நூலகங்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தாத்தா சொன்ன பதிலை ஆய்வேட்டின் முதல் வரியாக வையுங்கள். அதைவிட நல்ல முதல் வரி கிடைக்காது.

ஊடக மாணவர்கள் நூலகத்துக்கு வந்ததும் நேரே 070 என்ற எண்ணுக்குப் போவார்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டியூயி பகுப்பில் அது இதழியலின் எண். அங்கே பத்திருபது நூல்களைப் பார்த்துவிட்டு, “இந்த நூலகத்தில் ஒன்றும் இல்லை” என்று கிளம்பிவிடுவார்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கும் இது பிடிபடவில்லை. ஒரு மாணவரை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்ட நூல் இரண்டு வரிசை தள்ளி நின்றிருந்தது என்பதை மறுவாரம்தான் கண்டேன். அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஊடகப் படிப்புக்கு டியூயி முறையில் தனி வீடு கிடையாது. ஊடகமும் சமூகமும் என்றால் 302.23. வானொலியை ஒரு தகவல் தொடர்புச் சேவையாகப் பேசும் நூல் 384.54. அதே வானொலியின் நிகழ்ச்சிகளைப் பற்றிய நூல், நாடகம் சினிமாவுக்குப் பக்கத்தில் 791.44. தொலைக்காட்சி நிகழ்ச்சி 791.45. ஒலிபரப்புக் கருவிகள் பொறியியலில், 621.384. ஊடகச் சட்டம் 343.099. செய்தி எழுதும் கலை 808.066. ஒரே வகுப்பில் நடத்தும் பாடங்கள் நூலகத்தில் இப்படி ஏழு திசையில் கிடக்கின்றன.

உங்கள் தலைப்போ ஊடகத்தோடு நிற்கவில்லை. நெல் 633.18. வேளாண் விரிவாக்கம், அதாவது புதிய முறைகளை விவசாயிகளிடம் கொண்டு சேர்க்கும் பணி, 630.715. வேளாண் பொருளாதாரம் 338.1. ரேடியோ நெல்லைப் பற்றிய நல்ல பக்கங்கள் ஊடக அலமாரியில் இருப்பதைவிட இந்த மூன்று எண்களில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓர் எடுத்துக்காட்டு: பசுமைப் புரட்சியைப் பற்றி ஃபிரான்சின் ஃபிராங்கல் 1971இல் வெளியிட்ட ஆய்வில் தஞ்சாவூர் மாவட்டத்துக்குத் தனி இடம் உண்டு. அது பொருளாதார வரிசையில்தான் நிற்கும். இதழியல் மாணவர் ஒருவர் அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை.

இனி உங்கள் மூன்று நாள்.

முதல் நாள் கன்னிமாரா. நெறியாளர் சொன்னது சரி, ஆனால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை, டெல்லி, அவற்றோடு நம் எழும்பூர்க் கன்னிமாரா. 1956இல் சட்டத்தைத் திருத்தி நாளிதழ்களையும் இதழ்களையும் சேர்த்தார்கள். ஆகவே 1960களின் செய்தித்தாளைத் தேடுபவர் முதலில் தட்ட வேண்டிய கதவு அது. “வானொலி பற்றி ஏதாவது இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். “1966 ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த நாளிதழின் கட்டுத்தொகுதி வேண்டும்” என்று பெயரும் மாதமும் சொல்லிக் கேளுங்கள். குறுவை மாதங்களை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய நாளிதழின் தாள் அப்பளம் போல நொறுங்கும். மேல் மூலையைப் பிடித்துப் புரட்டினால் மூலை கையோடு வந்துவிடும். உள்ளங்கை முழுவதையும் தாளுக்கு அடியில் கொடுத்து, மெல்லத் தூக்கி மறுபக்கம் படுக்க வையுங்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டுப் பென்சிலில் குறிப்பெடுங்கள். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் இதழின் பெயர், தேதி, பக்கம், பத்தி நான்கையும் எழுதிய பிறகே செய்தியை எழுத வேண்டும். எத்தனையோ ஆய்வேடுகள் தேதி எழுதாத குறிப்பால் நொண்டியடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சிதறாமல் காப்பாற்றப்பட்டு, 1994இல் நூலகமாயின. அங்கே அலமாரிக்குள் நாமே நுழைய முடியாது. பட்டியலில் பார்த்து எழுதிக் கொடுத்தால் எடுத்து வந்து தருவார்கள். பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். எனவே திருச்சியிலிருந்து புறப்படும் முன்பே கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பட்டியலோடு உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும்.

மூன்றாம் நாள் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர். வேளாண் துறை அரசாணைகளுக்கு அதுதான் இடம். கல்லூரியின் அறிமுகக் கடிதமும் முன் அனுமதியும் இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். இன்றைக்கே கடிதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அகில இந்திய வானொலி “வானொலி” என்ற பெயரிலேயே ஒரு தமிழ் இதழ் நடத்தியது. நிகழ்ச்சி நிரலும் பேச்சுகளும் அதில் வந்தன. ஆங்கிலத்தில் “இந்தியன் லிசனர்”. அது 1958இல் “ஆகாஷ்வாணி” என்று பெயர் மாறியது. ஆங்கில இதழின் பழைய தொகுதிகள் பல மின்னுருவாக்கப்பட்டு இணைய ஆவணக் காப்பகத்தில் (archive.org) இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பெயர் மாறிய ஆண்டு தெரியாததால் பாதி இதழ்களைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

மைக் பக்கத்து மனிதன் எழுதியது:

நூலகர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வானொலி நிலையம் ஒன்றில் 1980களில் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். தங்கையே, ஒலிப்பதிவு கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஒலிநாடாவின் விலை அதிகம். நான் இருந்த நிலையத்தில் ஒரு பேச்சு ஒலிபரப்பானதும் அதே நாடாவை அழித்து அடுத்த பேச்சைப் பதிவு செய்வார்கள். பெரிய வித்துவானின் கச்சேரி என்றால் தனியாக எடுத்து வைப்பார்கள். நாற்றங்காலைப் பற்றிப் பேசிய விவசாயியின் குரலை யார் எடுத்து வைப்பார்கள்? என் கையாலேயே அப்படிச் சில நாடாக்களை அழித்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

ஆனால் தாள் தப்பித்திருக்கலாம். பேசுபவருக்கு அனுப்பும் ஒப்பந்தப் படிவம், ஒப்புதல் பெற்ற எழுத்துப் பிரதி, அன்றாட ஒலிபரப்புப் பதிவேடு, நேயர் கடிதங்கள் என்று நாங்கள் தாளோடுதான் வாழ்ந்தோம். நிலையத் தலைவருக்குக் கல்லூரியின் வழியாக ஒரு கடிதம் எழுதுங்கள். ஆண்டையும், தெரிந்தால் மாதத்தையும் குறிப்பிடுங்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், “1965 முதல் 1968 வரையிலான விவசாய ஒலிபரப்பின் பதிவேடுகள் உள்ளனவா, இல்லையெனில் எப்போது அழிக்கப்பட்டன?” என்று கேட்கலாம். அழித்துவிட்டோம் என்ற பதிலும் உங்கள் ஆய்வுக்கு ஒரு சான்றுதான். அதைப் பின்னிணைப்பில் சேருங்கள்.

திருச்சி நிலையம் 1939 மே 16இல் தொடங்கியது. 1966 வாக்கில் விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவை ஏற்படுத்திய நிலையங்களில் அதுவும் ஒன்று. அதற்கு முன்பே கிராம நிகழ்ச்சி இருந்தது. இரண்டையும் கலந்துவிடாதீர்கள். முன்னது பலதும் பேசியது, பின்னது வேளாண் அலுவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பருவத்தைப் பார்த்துப் பேசியது.

வயல்வரப்பு எழுதியது:

வேளாண் துறையில் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும், அல்லது கிருஷிகோஷ் என்ற இணையக் களஞ்சியத்தையாவது திறந்து பார்க்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. வானொலியை ஆராய்ந்தவர்கள் இதழியல்காரர்களைவிட எங்கள் விரிவாக்கத் துறை மாணவர்கள்தாம் அதிகம். கிராமம் கிராமமாகப் போய், “புதிய ரகத்தைப் பற்றி முதலில் யாரிடம் கேள்விப்பட்டீர்கள்? வானொலியா, கிராம சேவகரா, பக்கத்து வயல்காரரா?” என்று கேட்டுப் பட்டியல் போட்டவர்கள் அவர்கள். “வானொலி” என்ற சொல்லை மட்டும் போட்டால் அந்த ஆய்வேடுகள் அகப்படாது. “புதுமை ஏற்பு” (adoption), “தகவல் மூலம்” (information source) ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள்.

ஒப்பிட ஒரு நூல் வேண்டுமென்றால், 1956இல் புனே வானொலி 150 கிராமங்களில் கேட்போர் மன்றம் அமைத்து நடத்திய சோதனையின் அறிக்கையைப் படியுங்கள். மாத்தூரும் பால் நியூரத்தும் எழுதி 1959இல் யுனெஸ்கோ வெளியிட்டது. ஒலிபரப்பைக் கேட்ட கிராமத்தையும் கேட்காத கிராமத்தையும் அருகருகே வைத்து எப்படி அளப்பது என்பதை அதில் கற்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். பெயர் ரேடியோ நெல் என்பதால் வானொலி மட்டுமே அதைப் பரப்பியது என்று எழுதிவிடாதீர்கள். 1960இல் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கூட்டுறவுக் கடன் மூன்றும் ஊருக்குள் வந்துகொண்டிருந்தன. சைக்கிளில் வரப்பு வரப்பாகப் போன கிராம சேவகர்களின் பெயரை எந்த நெல்லுக்கும் யாரும் வைக்கவில்லை. அவர்களுக்கும் உங்கள் ஆய்வேட்டில் ஒரு இயல் கொடுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து கும்பகோணம் தாண்டினால் ஆடுதுறை. நெல் பிறந்த ஆராய்ச்சி நிலையம் அங்கேயே இருக்கிறது. சென்னைக்கு டிக்கெட் எடுக்கும் முன் ஒரு பஸ் பிடித்து அங்கே போய் வாருங்கள்.

குறுவைக்காரி எழுதியது:

ஐயா மூவருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். போய் வந்ததைச் சொல்ல வேண்டும்.

நாளிதழ்க் கட்டுத்தொகுதிகளோடு ஒன்றரை நாள் உட்கார்ந்தேன். உள்ளங்கையைக் கொடுத்துத்தான் புரட்டினேன். வானொலி நிரல் பெட்டி ஒரு மூலையில், பொடி எழுத்தில் இருந்தது. நேரம், நிகழ்ச்சியின் பெயர், அவ்வளவுதான். விவசாயம் என்று போட்டிருந்ததே தவிர நெல் ரகத்தின் பெயர் இல்லை. முதல் நாள் மாலை மிகவும் சோர்ந்துவிட்டேன். இரண்டாம் நாள்தான் ஒன்று உறைத்தது. அந்த நேரத்தை எழுதி எழுதிப் பார்த்ததில், அந்திசாய்ந்து வயலிலிருந்து ஆட்கள் வீடு திரும்பும் வேளையில் நிகழ்ச்சி வந்திருக்கிறது. அப்படியானால் கேட்டவர்கள் வீட்டில் இருந்தார்களா, வெளியில் கூடினார்களா? இந்தக் கேள்வி நூலகத்தில் முளைத்தது, பதிலுக்கு ஊருக்குப் போனேன்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. அவருடைய அப்பா பெயரில் வானொலி உரிமம். அக்காலத்தில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டுமாம். பக்கத்துக்குப் பக்கம் தபால் முத்திரை. முதல் முத்திரையின் ஆண்டு 1969. நெல் எங்கள் ஊருக்கு வந்ததோ அதற்கு மூன்று குறுவைக்கு முன்னால் என்கிறார் தாத்தா. அப்படியென்றால் அந்தச் செய்தியை எங்கள் வீட்டு வானொலியில் அவர் கேட்கவில்லை. கேட்டதும் “ஆமாம், பஞ்சாயத்து ரேடியோவில்தான் கேட்டேன். ஆலமரத்தடியில் உட்காருவோம்” என்றார். இத்தனை நாள் நான் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

ஆடுதுறைக்கும் போனேன். அதைத் தனியாக எழுதுகிறேன், நிறைய இருக்கிறது. கல்லூரி நூலகத்தில் 630.715க்குப் போனேன். எங்கள் கல்லூரியில் வேளாண்மையே கிடையாது. ஆனாலும் அந்த எண்ணில் இரண்டு நூல்கள் இருந்தன. ஒன்றில் கிராம வானொலி மன்றங்களைப் பற்றி ஓர் இயல். கடைசியாக அதை வெளியில் எடுத்தவரின் தேதி முத்திரை 1994.

பழைய நூலகர் எழுதியது:

அம்மா, இரண்டு முறை படித்தேன். அந்த உரிமப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் விடாமல் படமெடுங்கள். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், ஈரம் தங்கும். வெள்ளைத் தாளில் சுற்றி வைத்தால் போதும். ஆய்வேட்டில் “குடும்பச் சேகரிப்பு” என்று குறித்து, கண்டெடுத்த தேதியையும் எழுதுங்கள். தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்யும்போது அவர் சம்மதத்தையும் அதே பதிவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்துப் பஞ்சாயத்து அலுவலகம். அந்த வானொலியை வாங்கியதும் பழுது பார்த்ததும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். 1960 முதல் 1970 வரையிலான தீர்மானப் புத்தகங்கள் இருக்கின்றனவா என்று ஆண்டு சொல்லிக் கேளுங்கள். பரணில் கிடக்கும், கரையான் தின்றிருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

தாத்தாவிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்தப் பஞ்சாயத்து ரேடியோ அறையின் சாவி யாரிடம் இருந்தது? அதைத் திருகி நிலையம் வைத்தவர் யார்? ஆலமரத்தடியில் எல்லாரும் உட்கார முடிந்ததா, சிலர் தள்ளி நின்று கேட்டார்களா?